மழைக்கு எல்லை இல்லை, மக்காச்சோளத்துக்கு உண்டு

மாடுகளுக்கு வரும் வெக்கை நோயை இன்றைய இளம் கால்நடை மருத்துவர்கள் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் என்று தொடங்கிப் பத்து பன்னிரண்டு நாளில் தொழுவத்தையே காலி செய்துவிடும் நோய் அது. இந்தியாவில் கடைசியாக 1995-இல் தென்பட்டது. 2011-இல் உலகத்தில் எங்குமே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் பூமியிலிருந்து அடியோடு துடைத்த நோய் இது ஒன்றுதான். அந்தக் கடைசிப் போராட்டம் நடந்த இடம் கிழக்கு ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்க நாடுகள் உழவிலும் உணவிலும் சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

1880-களின் கடைசியில் எரித்ரியாவின் மசாவா துறைமுகப் பக்கம் இந்த நோய் இறங்கியது. பத்தே ஆண்டில் கண்டத்தின் தென்முனை வரை போய்விட்டது. போன இடமெல்லாம் பத்து மாட்டில் எட்டு, ஒன்பது செத்தன. எத்தியோப்பியாவில் ஏர் பூட்ட மாடு இல்லாமல் நிலம் தரிசாகி, அப்புறம் வந்த பஞ்சத்தில் நாட்டின் மூன்றில் ஒரு பங்கு மக்கள் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஐரோப்பிய அரசுகள் 1884-85 பெர்லின் மாநாட்டுக்குப் பிறகு ஆப்பிரிக்காவின் வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. நோய் அந்தக் கோடுகளில் எதையும் மதிக்கவில்லை.

விடுதலை பெற்ற கையோடு, 1962-இல், சாட் ஏரியைச் சுற்றியுள்ள நாடுகளில் ஒரு கூட்டுத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிந்தது. கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளவ்ரைட் குழுவினர் உருவாக்கிய தடுப்பூசி நன்றாகவே வேலை செய்தது. 1970-களின் நடுவில் நோய் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. சரி, முடிந்தது என்று நினைத்து ஒவ்வொரு நாடாகப் பணத்தைக் குறைத்தன, கண்காணிப்பை விட்டன. ஆனால் மாலி-மொரிட்டானியா எல்லைப் பகுதியிலும் சூடான் பக்கத்திலும் சில மந்தைகளில் நோய் பதுங்கியிருந்தது. தலைநகரிலிருந்து எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்காத இடங்கள் அவை. 1980-களின் தொடக்கத்தில் அங்கிருந்து மறுபடி கிளம்பி லட்சக்கணக்கான மாடுகளைக் கொன்றது.

இரண்டாவது முயற்சி 1986-இல் தொடங்கியது. இந்த முறை முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். நைரோபியில் இருந்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் கால்நடைப் பணியகம் அதை நடத்தியது, பணத்தில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து வந்தது. முந்தைய தோல்வியிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டவை பெரிய தத்துவம் எதுவும் இல்லை. எந்த நாட்டில் தயாரித்த தடுப்பூசியானாலும் எத்தியோப்பியாவின் டெப்ரே ஸெயித் ஊரில் உள்ள ஆய்வகத்தில் தரம் பார்த்த பிறகே ஊசி போட வேண்டும் என்றார்கள். ஐஸ் பெட்டி இல்லாமலே சுமார் ஒரு மாதம் கெடாத தடுப்பூசி வந்தது. அரசு மருத்துவர் போக முடியாத அஃபார், கரமோஜா போன்ற வறண்ட நிலங்களில் மேய்ச்சல்காரர்களுக்கே ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். நோய் எந்த மந்தையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தானே முதலில் தெரியும்? 2001-இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காட்டெருமைகளிடம் கண்டதுதான் உலகிலேயே கடைசி நிகழ்வு.

கென்யா மட்டும் தனியாக முயன்றிருந்தால் சோமாலியாவிலிருந்து திரும்ப வந்திருக்கும். எத்தியோப்பியா மட்டும் முயன்றிருந்தால் சூடானிலிருந்து வந்திருக்கும். ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் ஒழிப்பதென்று இப்போது உலக அளவில் ஓடும் திட்டமும் இதே வழியில்தான் போகிறது.

மரவள்ளியின் கதையும் இதற்கு நெருக்கமானது. போர்த்துகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இந்தக் கிழங்கு, ஆப்பிரிக்காவில் சுமார் 20 கோடிப் பேரின் அன்றாட உணவாகிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் அதன் பழைய எதிரியான மாவுப்பூச்சியும் கடல் தாண்டி காங்கோ ஆற்றுப் பக்கம் வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் அதைத் தின்ன எதுவும் இல்லை. நைஜீரியாவின் இபடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் ஒரு குழு, பூச்சியின் சொந்த ஊரான தென் அமெரிக்காவில் அதன் இயற்கை எதிரியைத் தேடியது. 1981-இல் பராகுவேயில் கிடைத்தது, கடுகளவே உள்ள ஒரு குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்லும். அந்தக் குளவியைப் பெருக்கி, சில இடங்களில் விமானத்திலிருந்தும் தூவி, சுமார் 30 நாடுகளில் பரப்பினார்கள். விவசாயி ஒரு பைசா செலவழிக்கவில்லை, மருந்து அடிக்கவில்லை. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். 2020-இல் அதே மாவுப்பூச்சி கேரளாவில் தலைகாட்டி, சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கும் பரவியது. அதே நிறுவனத்தின் பெனின் நிலையத்திலிருந்து அந்தக் குளவியை வரவழைத்து, பெங்களூரில் பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து கட்டிய அறிவு, நம் ஊர் ஜவ்வரிசிக்கும் காவலாக வந்திருக்கிறது. இதை நம் விவசாயிகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

பூச்சியிலும் நோயிலும் சேர முடிந்த நாடுகளால் தானியத்தில் ஏன் சேர முடிவதில்லை? இனி வருவது அதைப் பற்றி.

முதலில் வானத்தைப் பார்க்கலாம். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தெற்கு ஆப்பிரிக்கா பெரும்பாலும் காயும், கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை கொட்டும். அந்தக் கடல் குளிரும் லா நினா வந்தால் பெரும்பாலும் தலைகீழ். 2020-இன் இறுதியிலிருந்து லா நினா நீடித்தபோது எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா பகுதிகளில் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் பொய்த்தன. அதே காலத்தில், 2021-இல், சாம்பியா 36 லட்சம் டன் மக்காச்சோளம் அறுத்தது, அது அதுவரை இல்லாத விளைச்சல். 2023-24-இல் எல் நினோ வந்தது. சாம்பியாவில் 22 லட்சம் ஹெக்டேர் மக்காச்சோளத்தில் சுமார் 10 லட்சம் கருகியது. 2024 பிப்ரவரியில் அந்நாடு தேசியப் பேரிடர் அறிவித்தது, மலாவியும் ஜிம்பாப்வேயும் அடுத்தடுத்து அறிவித்தன. அந்த வாரங்களில் கென்யாவிலும் தான்சானியாவிலும் வெள்ளம்.

ஒரு பக்கம் காயும்போது மறுபக்கம் பெய்கிறது. இயற்கையே செய்து வைத்திருக்கும் காப்பீடு இது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் லாரிகள் தடையின்றி ஓடினாலே பஞ்சத்தின் பாதிக் கூர்மை மழுங்கும் என்று நான் நம்புகிறேன். 2024-இல் ஓரளவு அது நடந்தது. சாம்பியா தான்சானியாவின் அரசுக் கிடங்கிலிருந்து 6,50,000 டன் வாங்க ஒப்பந்தம் போட்டது.

ஆனால் அது ஒவ்வொரு முறையும் நடக்கும் காரியம் இல்லை. விளைச்சல் குறையும் என்ற பேச்சு எழுந்தாலே அரசுகள் முதலில் கைவைப்பது ஏற்றுமதித் தடையில். விலை ஏறினால் தலைநகரில் கூட்டம் தெருவுக்கு வரும் என்ற பயம். அந்தப் பயம் பொய்யானது என்று சொல்ல மாட்டேன். 2008-இல் அரிசி விலை ஏறியபோது டக்கார் உட்படப் பல நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆனால் திடீர்த் தடையின் அடி விழுவது விவசாயி மேல். விற்க வேண்டிய நேரத்தில் எல்லை மூடிவிடும் என்று ஒருமுறை பட்டுவிட்டால், அடுத்த பருவத்தில் வீட்டுக்கு வேண்டியதை மட்டும் விதைப்பான். பக்கத்து நாட்டுக்காரனும் இனி அவனை நம்பி வாங்க மாட்டான்.

2021 மார்ச் 5-ஆம் தேதி, உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அதிகம் என்று கென்யா இறக்குமதியை நிறுத்தியது. எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சில நாளில் நிபந்தனைகளோடு தடையை விலக்கினார்கள். 2025 ஏப்ரலில் இன்னொன்று. தன் வாழைப்பழத்துக்குத் தென் ஆப்பிரிக்காவும், மாவு, அரிசி, இஞ்சி, வாழைப்பழத்துக்கு மலாவியும் கதவடைத்ததால், அந்த இரு நாடுகளின் வேளாண் பொருள்கள் அனைத்துக்கும் தான்சானியா பதில் தடை போட்டது. மூன்றும் ஒரே தெற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். மலாவிக்குக் கடற்கரை கிடையாது, அதன் சரக்கில் ஒரு பகுதி தார் எஸ் சலாம் துறைமுகம் வழியாகத்தான் போய்வருகிறது. இந்தத் தடையும் சில நாளில் தளர்ந்தது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட வலிப்பது நைஜீரியாவின் கதை. 2019 ஜூலை 7-ஆம் தேதி நியாமே நகரில் ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் நைஜீரியா கையெழுத்திட்டது. அடுத்த மாதமே பெனின் வழியாக வரும் கடத்தல் அரிசியைத் தடுப்பதற்காகத் தன் தரை எல்லைகளைச் சரக்குக்கு மூடியது. திறந்தது 2020 டிசம்பரில். அரிசிக் கடத்தலோடு எந்தத் தொடர்பும் இல்லாத தக்காளி வியாபாரிகளும் அன்னாசி விவசாயிகளும் பெனினில் சரக்கு அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கென்யா சொன்ன காரணத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அஃப்ளாடாக்சின் வெறும் சாக்கு இல்லை. சரியாகக் காயவைக்காத மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அது, கல்லீரலைத் தாக்கும். 2004-இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். பூஞ்சை பிடித்தது அவர்களே விளைவித்து வீட்டில் வைத்திருந்த மக்காச்சோளம். அதனால் எல்லையை மூடினால் நஞ்சு போய்விடும் என்று சொல்ல முடியாது. வயலிலேயே தடுக்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் பூஞ்சையிலேயே நஞ்சு உண்டாக்காத ரகங்கள் உண்டு. அவற்றைச் சோள மணியில் பூசி, பயிர் பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஹெக்டேருக்கு 10 கிலோ வீதம் தூவினால், நஞ்சுள்ள ரகத்தை அவை நெருக்கித் தள்ளிவிடும். அஃப்ளாசேஃப் என்று பெயர். மாவுப்பூச்சியை அடக்கிய அதே இபடான் நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையோடு சேர்ந்து உருவாக்கியது. ஒவ்வொரு நாட்டிலும் அந்த மண்ணிலேயே இருக்கும் ரகத்தைத் தேடி எடுக்க வேண்டும், தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் செனகலுக்கும் காம்பியாவுக்கும் ஒரே தயாரிப்பைப் பொதுவாகப் பதிவு செய்தார்கள். மண் ஒன்று, கடலை ஒன்று, நடுவில் ஒரு கோடு இருப்பதற்காக இரண்டு முறை ஏன் சோதிக்க வேண்டும்? இந்தச் சாதாரணக் கேள்வியைக் கேட்க ஒருவருக்கு அதிகாரம் இருந்தால், காகிதத்திலேயே கழியும் ஆண்டுகள் மிச்சமாகும்.

விதையிலும் இதே கேள்விதான். கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கப் பொதுச் சந்தையான கொமேசா 2014-இல் கொண்டுவந்த விதியின்படி, இரண்டு உறுப்பு நாடுகளில் சோதித்து வெளியிட்ட ரகத்தைப் பொதுப் பட்டியலில் சேர்த்து மற்ற உறுப்பு நாடுகளிலும் விற்கலாம். விதி நல்ல விதி. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தை அதற்கேற்ப மாற்றியாக வேண்டும், அதில்தான் இழுத்துக்கொண்டே போகிறது.

உரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006-இல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் நைஜீரியாவின் அபுஜாவில் கூடி, ஹெக்டேருக்கு 8 கிலோவாக இருந்த பயன்பாட்டை 2015-க்குள் 50 கிலோ ஆக்குவோம் என்றார்கள். சகாராவுக்குத் தெற்கே பாதிகூட எட்டவில்லை. உலகின் பாஸ்பேட் இருப்பில் பெரும்பகுதி மொராக்கோவிடம் இருக்கிறது, நைஜீரியாவின் லெக்கியில் ஆண்டுக்கு 30 லட்சம் டன் யூரியா தயாரிக்கும் ஆலை ஓடுகிறது. பொருள் இல்லாமல் இல்லை. துறைமுகத்திலிருந்து உள்நாட்டு வயலுக்குப் போய்ச் சேரும் வழியில் விலை ஏறிவிடுகிறது.

அரிசிக்கு வருவோம். நைஜர் ஆற்றின் உள்நாட்டு டெல்டாவில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமக்கென்று ஒரு நெல்லைப் பழக்கியவர்கள் மேற்கு ஆப்பிரிக்கர்கள். அந்த நெல்லையும் ஆசிய நெல்லையும் இனக்கலப்பு செய்து, ஐவரி கோஸ்ட்டின் புவாகேயில் மான்டி ஜோன்ஸ் உருவாக்கிய நெரிகா ரகங்களுக்கு 2004-இல் உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஆய்வு மையமே 1971-இல் 11 நாடுகள் சேர்ந்து தொடங்கியதுதான். 2008 நெருக்கடிக்குப் பிறகு, ஆண்டுக்கு 1.4 கோடி டன்னாக இருந்த நெல் உற்பத்தியைப் பத்தாண்டில் இரட்டிப்பாக்கும் கூட்டுத் திட்டம் ஒன்று வந்தது, இலக்கையும் எட்டியது. ஆனால் நகரங்களில் அரிசி உண்பவர்கள் அதைவிட வேகமாகப் பெருகிவிட்டார்கள்.

அதனால் இன்னும் இறக்குமதி தேவைப்படுகிறது. செனகலில் மீனோடு சேர்த்துச் சமைக்கும் செபு ஜென் சோற்றுக்கு அவர்கள் விரும்புவது குருணை அரிசி. அதில் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்து போவது. 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதியையும், 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியையும் நிறுத்தியது. செனகல் போன்ற சில நாடுகள் அரசுக்கு அரசு என்று தனித்தனியாகக் கேட்டு ஒதுக்கீடு வாங்கின. பதினைந்து நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து மொத்தமாகப் பேரம் பேசியிருந்தால்? எக்கோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பு இருந்தது. ஆனால் தானியத்தைச் சேர்ந்து வாங்கும் பழக்கம் அதற்கு இல்லை.

தலைவர்களின் மாநாடுகளைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 2003-இல் மபுட்டோவில் கூடி, அரசுச் செலவில் பத்தில் ஒரு பங்கை வேளாண்மைக்கு ஒதுக்குவதாக உறுதி சொன்னார்கள். பெரும்பாலான நாடுகள் ஒதுக்கவில்லை. 2014-இல் மலாபோவில், 2025-க்குள் பசியை ஒழிப்போம், ஆப்பிரிக்க நாடுகளுக்குள் நடக்கும் வேளாண் வணிகத்தை மூன்று மடங்காக்குவோம் என்றார்கள். 2024-இல் சுமார் 30.7 கோடிப் பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல், போதிய உணவின்றி இருந்தார்கள் என்பது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. மலாபோவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டுக்கும் மதிப்பெண் போட்டு வெளியிட ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது மதிப்பீட்டில் ருவாண்டா மட்டுமே சரியான பாதையில் இருந்தது. நான்காவதில் ஒரு நாடும் இல்லை. தங்கள் தோல்வியைத் தாங்களே எண்ணில் எழுதி வெளியிடும் துணிவை நான் மதிக்கிறேன், பல கண்டங்களில் அது கிடையாது.

2025 ஜனவரி மாதத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் நிலைமை புரியும். 9 முதல் 11 வரை கம்பாலாவில் அடுத்த பத்தாண்டுக்கான திட்டத்தை ஏற்றார்கள். 2035-க்குள் உற்பத்தியை 45 சதவீதம் உயர்த்துவது, 10,000 கோடி டாலர் முதலீடு திரட்டுவது என்றெல்லாம் அதில் இருக்கிறது. 29-ஆம் தேதி மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்றும் எக்கோவாஸிலிருந்து அதிகாரபூர்வமாக வெளியேறின. மாத முடிவில், அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டதால், 1985 முதல் பஞ்ச முன்னெச்சரிக்கை தந்துவந்த ஃபியூஸ் நெட் சேவை முடங்கியது. யார் எங்கே பசியோடு இருக்கிறார்கள் என்று சொல்லும் கண், வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்திட்டதும் மூடிக்கொண்டது.

மேற்கு ஆப்பிரிக்காவிடம் தன் சொந்தக் கண் ஒன்றும் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில், சகாராவின் தெற்கு ஓரத்து வறண்ட பகுதியான சாஹேலில் வந்த வறட்சியில் மந்தைகள் கொத்துக்கொத்தாக மடிந்தபோது, 1973-இல் அந்த நாடுகள் சில்ஸ் என்ற கூட்டுக் குழுவை அமைத்தன. தலைமையகம் புர்கினாவின் வாகடுகு, மழையையும் பயிரையும் கணிக்கும் மையம் நைஜரின் நியாமே. நவம்பரிலும் மார்ச்சிலும் நாடுகளின் வல்லுநர்கள் ஒன்றாக உட்கார்ந்து, மாவட்டம் மாவட்டமாக விளைச்சல், சந்தை விலை, குழந்தைகளின் எடை எல்லாவற்றையும் வைத்து வாதாடி, எத்தனை பேருக்கு உணவு தேவைப்படும் என்று ஒரே எண்ணுக்கு ஒப்புக்கொள்கிறார்கள். வெளியேறிய மூன்று நாடுகளும் அந்தக் குழுவின் தொடக்க உறுப்பினர்கள். எக்கோவாஸ் வேறு, சில்ஸ் வேறு.

அறுவடை முடிந்து நவம்பர் வாக்கில் சாஹேல் காய ஆரம்பித்ததும், ஃபுலானி மேய்ச்சல்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே நடப்பார்கள். கானாவிலும் டோகோவிலும் பெனினிலும் அறுத்த வயலில் கிடை போட்டு, தாளை மேயவிட்டு, எருவைக் கொடுத்துவிட்டு, மழை தொடங்கும்போது வடக்கே திரும்புவது பல தலைமுறைப் பழக்கம். 1998-இல் எக்கோவாஸ் இதற்கென்றே ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தது. மாடுகளின் எண்ணிக்கை, போட்ட ஊசிகள், போகும் தடம், கடக்கும் சாவடி எல்லாம் அதில் எழுதியிருக்கும். வழியில் கைநீட்டுபவர்களை அது நிறுத்திவிடவில்லை என்றாலும், சண்டை வந்தால் காட்ட ஒரு காகிதம் இருந்தது. பயிருக்குள் மாடு புகுந்து கொலை வரை போன தகராறுகள் பெருகியதால், அண்மை ஆண்டுகளில் பெனின் வெளிநாட்டு மந்தைகளுக்கு எல்லையை அடைத்தது. இப்போது புர்கினாவிலும் நைஜரிலும் அந்தக் காகிதத்தைக் கொடுக்கும் அரசுகள் கூட்டமைப்புக்கு வெளியே நிற்கின்றன. மூன்று நாடுகளுக்கும் எக்கோவாஸுக்கும் இடையே புது ஏற்பாடுகள் பற்றிப் பேச்சு நடக்கிறது. கடவுச்சீட்டு, சுங்க வரி, வங்கி என்று பேச வேண்டியவை நிறைய. அந்தப் பட்டியலில் மாடுகளின் தடத்தையும் யாராவது சேர்க்க வேண்டும். வறட்சி தொடங்கியதும் அவை நடக்கத்தான் போகின்றன.